ஊதாக் கட்டைவிரல்கள்

கருத்துக்கணிப்பு எடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் மாமரத்தடியில் உட்கார்ந்து தாங்களே எல்லாத் தாளையும் நிரப்பிவிட்டு, பீர் குடித்துவிட்டு ஊர் திரும்புகிற ரகம். எசோசா அப்படி இல்லை. வெயிலில் வேகுவாள், நாய் துரத்தினால் ஓடுவாள்; ஆனால் கேட்காத வீட்டைக் கேட்டதாக எழுத மாட்டாள். பெனின் நகரத்து அலுவலகத்தில் இதைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த திமிர்தானே.

இந்த முறை கேள்வி ஒன்றுதான். செனட்டர் ஓவென்சேரி மறுபடி ஜெயிப்பாரா? வாய்விட்டுக் கேட்டால் எல்லோரும் "ஜெயிப்பாரு, ஜெயிப்பாரு" என்றுதான் சொல்வார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள், அவருடைய அடியாள் பையன்கள் வெட்டுக்கத்தியோடு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றும்போது? அதனால் எசோசா ஒரு யோசனை சொன்னாள். நிஜத் தேர்தலைப் போலவே சின்னம் அச்சடித்த தாள், ஊதா மை, வாயைத் தைத்து, தாள் நுழைய மட்டும் இடம் விட்ட ஒரு துணிப்பை. மண்வெட்டி என்றால் செனட்டர், லாந்தர் என்றால் எதிராளி. கட்டைவிரலை மையில் ஒற்றிச் சின்னத்தின் மேல் பதித்து, தாளை மடித்துப் பைக்குள் போட வேண்டியது. அந்த நேரத்தில் எசோசா முதுகைத் திருப்பிக்கொள்வாள். பெயர் கேட்க மாட்டாள், எழுத மாட்டாள். மேற்பார்வையாளர் பொலாஜி எழுந்து நின்று கைதட்டினார். அத்தனை படித்த தலைகளில் ஒன்றுக்காவது அந்த மையைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

இகுவெமா ஊரில் இருபது வீடு. இருபதாவது, மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் மில். மில்லுக்குச் சொந்தக்காரர் ஒசகியே ஏற்கெனவே தன் வீட்டில் விரல் பதித்துவிட்டு மில்லுக்கு வந்திருந்தார். பின்கட்டில் குடியிருந்தவள் இயோபோ, ஏழு மாத வயிற்றோடு கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எசோசாவைப் பார்த்ததும் சுட்ட வாழைக்காயில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, நெசமாவே திரும்பிப் பாக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"உன் பைக்குள்ள பாம்பைப் போட்டா?"

"போட்டுக்கோ. மடிச்சுப் போடு, அவ்வளவுதான்."

இயோபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விரல் பதித்துத் தாளைப் போட்டாள். பிறகு தொட்டித் தண்ணீரில் கையைத் தேய் தேயென்று தேய்த்தாள். "இந்தக் கருமம் போகுமா?"

"ரெண்டு நாள்ல தானா போயிடும்," என்றாள் எசோசா, வாழைக்காயை மென்றுகொண்டே.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள்கள் வந்தன.

செனட்டரின் பையன்களுக்குத் தலைவன் ஜெனரல் என்று பெயர் வைத்துக்கொண்டவன். எந்தப் பட்டாளமும் அவனைச் சேர்த்துக்கொண்டதில்லை. வந்தவுடன் எசோசாவின் தோளிலிருந்த பையைப் பிடுங்கி, கத்தியால் கிழித்துத் தரையில் கொட்டினான். தாள்களைக் காலால் தள்ளித் தள்ளி எண்ணினான். லாந்தர் பதினேழு. மண்வெட்டி மூன்று.

"மூணா? ரோடு போட்டுக் கொடுத்த மனுசனுக்கு மூணா?"

"எந்த ரோடு?" என்று கேட்டார் ஒசகியே. அந்த மனிதருக்கு நாக்கு எப்போதும் ஒரு அடி முன்னால் போகும். ஜெனரல் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அவர் வாயில் ஓங்கி அறைந்தான். இரண்டு பல் தெறித்துக் கிழங்குக் குவியலில் விழுந்தது.

தாளில் பெயர் இல்லை. ஜெனரல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எசோசாவுக்கு மூச்சு வந்தது. முதுகைத் திருப்பியது வீண் போகவில்லை என்று நினைத்தாள். அடுத்த நொடி, ரத்தம் கொட்டும் வாயை ஒசகியே கையால் பொத்தினார். அந்தக் கையின் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஜெனரல் அதைப் பார்த்தான். தன் காலடியில் கிடந்த தாளைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"டேய், வீடு வீடாப் போங்க. ஊதா விரல் எவனுக்கு இருக்கோ, இழுத்துட்டு வாங்க."

யாருக்கும் தெரியக்கூடாது என்று எசோசா பொத்திப் பொத்திச் செய்ததெல்லாம் இருபது பேர் விரலில் பளிச்சென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மில் முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். முடியைப் பிடித்து, சட்டைக் காலரைப் பிடித்து, ஒருவனை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கயிறு கட்டி. ஒரு பெண் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியிருந்தாள், நாற்றம் காட்டிக்கொடுத்தது. இன்னொருத்தி கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தோலையே உரித்திருந்தாள். அவளுக்குத்தான் முதல் உதை விழுந்தது. ஒளித்தவள்தானே லாந்தருக்குக் குத்தியிருப்பாள்?

"நான் மண்வெட்டிக்குத்தான் குத்துனேன்!" என்று ஒருவன் கத்தினான். "நானும்!" "சாமி சத்தியமா நானும்!" மூன்று தாளுக்கு முற்றமே சொந்தம் கொண்டாடியது. இயோபோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. தோல் சீவும் கட்டையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

அந்தக் கட்டை மேல்தான் ஒசகியேயின் கையை வைத்து அழுத்தினார்கள். கத்தி ஒரே முறை இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் மில்லின் தகரக்கூரையில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. ஊதா விரல் மாவுக்குள் உருண்டது.

ஜெனரல் கத்தியைத் துடைக்காமலே இயோபோவின் மணிக்கட்டைப் பிடித்தான். எசோசாவைப் பார்த்துச் சொன்னான்: "நீதானே கூட இருந்த? மண்வெட்டிக்குக் குத்துன மூணு பேரைக் காட்டு. அவங்க வீட்டுக்குப் போகட்டும். மிச்சத்தை நாங்க கவனிச்சுக்கறோம்."

"நான் பாக்கல. முதுகைத் திருப்பிட்டேன்."

"அப்போ இவளையும் நான் முதுகைத் திருப்பிட்டே வெட்டறேன்."

இயோபோவின் கை கட்டைக்கு வந்துவிட்டது. கத்தி மேலே போனது. எசோசா ஒருநாளும் சொல்லியிராத, செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று இருந்த சொல் அவள் வாயிலிருந்து வந்தது.

"இவங்க யாரும் குத்தல! எல்லாம் நான் குத்துனது!"

கத்தி நின்றது. "என்னது?"

"பொய்க் கணக்கு. மரத்தடில உக்காந்து நானே குத்திட்டேன். ஆபீஸ்ல பணம் வாங்கணும்ல? என் விரலைப் பாரு." வீட்டுக்கு வீடு எப்படிக் குத்துவது என்று செய்து காட்டியதில் அவள் கை மணிக்கட்டு வரை ஊதாவாக இருந்தது.

"அப்போ இவங்க விரல்ல எப்படி வந்துச்சு?"

அதை எசோசா யோசித்திருக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு கீச்சுக் குரல் கிளம்பியது. எஃபோசா அம்மா, சந்தையில் மிளகாய் விற்கிறவள்; அவள் பேரம் பேசினால் எதிரில் நிற்பவன் தன் சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். "கொசுவலை! கொசுவலை தரேன்னு சொல்லி எங்க விரலை ஒத்தி வாங்கிட்டுப் போனா, திருட்டு முண்டை! எங்கடி என் வலை?"

"ஆமா, எனக்கு ரெண்டு வலைன்னா!" என்று இன்னொருவன் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்கக் கொசுவலை கேட்டுக் கத்தியது.

ஜெனரல் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க ஓகா, அந்த செனட்டரே, போன தடவை அரிசி தரேன்னுதான் விரலை வாங்குனாரு!" ஒரு பையன் செல்போனை எடுத்து எசோசாவின் முகத்தருகே நீட்டினான். அவள் திரும்பச் சொன்னாள், தெளிவாக: நான் பொய்க் கணக்கு எழுதினேன். பிறகு ஜெனரல் ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தான்.

"ஏமாத்துனவள ஏமாந்தவங்கதான் அடிக்கணும். ம், அடிங்க. எவன் கை தடவுதுன்னு நான் பாக்கறேன்."

யாரும் அசையவில்லை. கிழங்கு இடிக்கும் உலக்கையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவள் இயோபோ. எசோசா அவள் கண்ணைத் தேடினாள், கிடைக்கவில்லை. உலக்கை எசோசாவின் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அப்புறம் எல்லோரும் வந்தார்கள். செருப்பு, விறகு, முஷ்டி. எஃபோசா அம்மா அழுதுகொண்டே முடியைப் பிடித்து இழுத்தாள். ஒசகியே வெட்டுப்பட்ட கையைத் துணியில் சுற்றிக்கொண்டு தள்ளாடி வந்து விலாவில் ஒரு உதை உதைத்தார். பையன்களுக்கு அலுத்துப்போகும் வரை அடித்தார்கள். தாள்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டுப் பையன்கள் கிளம்பினார்கள். வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடித்த கைகளே எசோசாவைத் தூக்கின.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு பொலாஜி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"நீ அப்படிச் செய்யறவ இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா வீடியோவை நாடே பாத்துடுச்சே. இகுவெமாவைக் கணக்குலருந்து எடுத்துட்டோம். உன் பேரையும்."

"மத்த ஊரெல்லாம்?"

"மத்தவங்க எழுதுனபடி செனட்டர் ஜெயிக்கிறாரு. நல்லாவே ஜெயிக்கிறாரு." அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

மாமரத்தடிக்காரர்களின் கணக்கு ரேடியோவில் போகும், அவளுடையது சாம்பல். எலும்பு முறிந்தபோது அழாதவள் அப்போது அழுதாள்.

சாயங்காலம் இயோபோ வந்தாள், சூப்பும் இடித்த கிழங்கும் எடுத்துக்கொண்டு. ஊட்டிவிட்டாள்.

"மெதுவா அடிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பான், அக்கா."

"தெரியும்."

"எல்லாரும் கத்துனப்ப நான் ஏன் கத்தலன்னு கேக்க மாட்டியா?"

எசோசா பழக்கதோஷத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "வேணாம். எனக்குத் தெரிய வேணாம்."

"நான் மண்வெட்டி," என்றாள் இயோபோ. "நெசமாவே மண்வெட்டி. என் புருசனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த ஆளுதான். அத்தனை பேரு பொய்யாக் கத்தும்போது நான் உண்மையைச் சொன்னா எவன் நம்புவான்?"

எசோசா சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. விலா வலித்தது, நிறுத்த முடியவில்லை. இயோபோவும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

"அக்கா, இந்தப் பக்கம் திரும்பு. மறுபடி கேளு."

"எதை?"

"வீடு வீடாக் கேட்டியே, அதை."

எசோசா திரும்பினாள். அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "வர்ற தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்கு?"

"லாந்தர்," என்றாள் இயோபோ. "பதினெட்டுன்னு மாத்திக்கோ."