ஊறுகாய் பாட்டிலில் ஒன்பது சிலந்திகள்

சிதம்பரத்தில் நான் போகும் இயற்கை ஆய்வு மாலை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான்: ஆளுக்கு ஒரு வீடு; நான்கு ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு அங்கே என்னென்ன சிலந்தி, எத்தனை என்று எண்ண வேண்டும். கடலூரிலிருந்து பிச்சாவரம் வரை இருபத்திரண்டு வீடுகள். ஒரு வாரம் விட்டுப்போனாலும் அந்த வீடு பட்டியலில் கிடையாது. தையல் வகுப்பையும் டேலி வகுப்பையும் பாதியில் விட்டவள் நான். இதையாவது முடித்துவிட வேண்டும்.

எனக்கு அமைந்தது பரங்கிப்பேட்டையில் சலீமா பீவியின் வீடு. என்னோடு கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் தஹ்ஸீனின் உம்மா. முதல் வாரம் எட்டு எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினால் ஏழு. மூன்றாவது முறை ஒன்பது. சலீமா பீவி சலிக்காமல் டார்ச் பிடித்தார்.

"குகை வாசல்ல வலை பின்னி எங்க நபியவங்கள காத்த பூச்சிடி இது. ஒட்டடை அடிப்பேன், இத அடிக்க மாட்டேன்" என்றார்.

மூன்றாவது வாரம், "பாத்ரூம்காரன் இன்னிக்கு வெளிய வரல" என்று அவரே தகவல் சொன்னார். குளியலறைச் சுவரில் இருக்கும் உள்ளங்கை அகலச் சிலந்திக்கு அவர் வைத்த பெயர் அது.

இன்று நான்காவது ஞாயிறு. வாசலிலேயே பெயிண்ட் வாடை அடித்தது. தஹ்ஸீனின் அண்ணன் ஜாபிர் இரண்டு வருடம் கழித்து நாளை குவைத்திலிருந்து வருகிறார். சனிக்கிழமை முழுக்க ஆள் வைத்து வெள்ளையடித்திருக்கிறார்கள். ஒரு நூலாம்படைகூட இல்லை.

என் முகத்தைப் பார்த்து சலீமா பீவி சிரித்தார். "பயப்படாதடி. ஒன்னோட ஆளுங்கள பத்திரமா வச்சிருக்கேன்."

அலமாரியிலிருந்து ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார். மூடியில் காற்றுக்கு ஆணித் துளைகள். அடியில் ஒரு கைப்பிடி சோறு.

"வெள்ளிக்கெழமையே டம்ளர் போட்டு மூடி ஒவ்வொண்ணா புடிச்சேன். ஒம்போது. எண்ணிக்க."

எண்ணினேன். இந்த முறை சந்தேகமே வரவில்லை. இரண்டு. பாத்ரூம்காரன் வயிறு பெருத்து உட்கார்ந்திருந்தான். மூடியில் ஒரு நெட்டைக்கால் சிலந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றின்மேல் கால்கள் மட்டும் சிதறிக் கிடந்தன.

"மத்ததுலாம் எங்கடி?"

"ஒண்ணா போட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும்மா."

தஹ்ஸீன் எட்டிப் பார்த்தாள். "வெறுஞ்சோறு எறங்கல போலருக்கு. கொழம்பாவது ஊத்திருக்கலாம்ல உம்மா?"

சலீமா பீவி சிரிக்கவில்லை. "யா அல்லாஹ்! காப்பாத்துறேன்னு கொன்னுட்டேனே. இவ படிப்பும் போச்சே."

படிவத்தில் நான்காவது வரிசை காலியாக இருந்தது. இன்றைய தேதி போட்டு, ஒன்பது என்று எழுதி, பார்த்தவர் இளமதி என்று முடித்தால் யாருக்கும் தெரியாது. பேனா மூடியைக் கழற்றியும்விட்டேன். பிறகு கேட்டேன்.

"வெள்ளிக்கிழம எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லாம? பாத்ரூம்காரன் ஒண்ணு. அடுப்புக்கு மேல நெட்டக்கால் ரெண்டு. ஜன்னல்ல குதிக்கிறது மூணு, அதுல ஒண்ணுக்கு ஏழு காலுதான். கடியாரத்துக்குப் பின்னாடி ஒண்ணு. பீரோ அடியில ரெண்டு."

மூன்று வாரம் பார்த்தும் அந்த ஏழு கால் என் கண்ணில் படவே இல்லை.

வகுப்பு எடுக்கும் தட்சிணாமூர்த்தி சாருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது. "தேதி வெள்ளிக்கிழமன்னே போடுங்க. யாரு எண்ணுனாங்களோ அவுங்க பேர எழுதுங்க. நடந்தத குறிப்புல சொல்லிடுங்க. வீடு பட்டியல்ல இருக்கட்டும்."

பார்த்தவர் என்ற கட்டத்தில் மூன்று இளமதிகளுக்குக் கீழே சலீமா பீவி என்று எழுதினேன். குறிப்பில், ஒரே பாட்டிலில் வைத்ததால் ஏழு இறந்தன என்று எழுதினேன்.

அவர் என் தோளுக்கு மேலாகப் படித்தார். "தெரியாம செஞ்சதுன்னும் எழுதுடி."

எழுதினேன். அப்புறம்தான் அவருக்கு மனசு ஆறியது. நெட்டைக்காலை அடுப்புக்கு மேலே விட்டார். பாட்டிலைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். பாத்ரூம்காரன் புது வெள்ளைச் சுவரில் மெதுவாக ஏறினான்.

"போடா, தின்னிப்பய" என்றார் சலீமா பீவி.