நகராத புள்ளி

சோடாபுட்டிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கண்ணாடியின் கனத்தைப் பார்த்து ஆய்வுக்கூடமே சேர்ந்து வைத்த பெயர் அது. அவனும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. இன்னும் சற்று நேரத்தில் தேர்வுக் குழுவின் முன் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் நிரந்தர வேலை. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பேச்சு ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தைப் பற்றியது. அந்த இனத்திலேயே இது ஒரு முரடு: காந்த பலமோ அசுரத்தனம், சுற்றுவதோ ஆடி அசைந்து. அதன் சுழற்சியை அளந்திருந்தான். வானத்தில் அது ஓடும் வேகத்தையும் அளந்திருந்தான். வேகம்தான் பேச்சின் உயிர். அப்படி ஓடும் நட்சத்திரத்தை யாரும் பார்த்ததில்லையாம்!

அந்த வேகத்தில் பாதி பொய் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல; அவன் அளவீடுகளைச் சரிபார்க்கும் மூத்தவள். நட்சத்திரம் நகர்ந்ததா என்று பார்க்க, பக்கத்தில் நகராத ஒரு புள்ளி வேண்டும். வெகுதொலைவில் உள்ள ஏதாவது ஒரு கேலக்ஸிதான் அந்தப் புள்ளி. பழைய கேலக்ஸி தெளிவாகத் தெரியவில்லையென்று நடுவில் வேறொன்றுக்கு மாறியவள், புதியதன் இடத்தைச் சரியாக அளக்காமல் தோராயமாகப் போட்டுவிட்டாள். புள்ளி தள்ளிப்போக, நட்சத்திரம் ஓடியதாகக் கணக்கு வந்தது. போன வாரம்தான் அதைக் கண்டாள்.

அன்று சாயங்காலமே அவன் வந்து கேட்டான்.

"அக்கா, சுழற்சியை முன்னாடி வெக்கட்டுமா, வேகத்தையா?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் இருந்ததே! "உன் இஷ்டம்பா" என்றாள், பெரிய மனுஷி.

இப்போது குழு காத்திருந்த கூடத்தின் வாசலில் அவனை நிறுத்தி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முகம் செத்துவிட்டது.

"எப்போ தெரியும்?"

"போன வாரம்."

"நான் வந்து கேட்டேனே, அதுக்கு முன்னாடியா?"

அக்கா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"தப்பு யாருக்கும் வரும்க்கா. அன்னிக்கே சொல்லியிருந்தா சுழற்சியை வெச்சே ஜமாய்ச்சிருப்பேனே. அதுல ஒரு குறையும் இல்லையே!"

உள்ளே போனான். வேகத்தின் படங்கள் வரவர, "இது சரியில்ல, விட்டுடலாம்" என்று தாண்டினான். பேச்சு நொண்டியது.

"சரிபார்க்காமலா கொண்டு வந்தீங்க?" என்றார் குழுத்தலைவர்.

"என் தப்புதான் சார்."

கடைசிப் படம் திரையில் விழுந்தது. முந்தின நாள் தட்டியது, அழிக்க நேரமில்லை: 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு ஒவ்வொரு அளவையும் சரிபார்த்த அக்காவுக்கு நன்றி.' குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். "தப்பு அவனுதில்ல, என்னுது. போன வாரமே எனக்குத் தெரியும்."

தலைவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே நிமிர்ந்தார். "அப்போ போன வாரமே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.