புல்டிக்கு எடுத்துவைத்தது

சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா வந்து பதினோரு நாள் ஆகியும் ஜெயலக்ஷ்மிக்கு அந்தக் குழந்தையின் அழுகைச் சத்தம் எப்படியிருக்கும் என்று தெரியாது. ரூமாவுக்கு ஐந்து வயது. காளிகாட் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் அவளைத் தத்துக்கொடுக்கச் சம்மதித்து, கையிலும் ஒப்படைத்துவிட்டது. ஆனால் கோர்ட் உத்தரவும் பாஸ்போர்ட்டும் வரும்வரை ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. அதுவரை குழந்தையோடு பழகிக்கொள்ளுங்கள் என்று இல்லத்துத் தலைவி சொல்லியிருந்தார். அதற்காக ஜெயலக்ஷ்மியும் கணவர் விஸ்வநாதனும் ஒன்பது வயது மகன் ஹரீஷைப் பள்ளிக்கு லீவு போடவைத்து, டாக்குரியாவில் இரண்டு மாதத்துக்கு ஒரு மாடி வீட்டை எடுத்திருந்தார்கள். 2002 டிசம்பர். வெயில் இதமாக இருந்தது.

ரூமா அடம்பிடிக்கவில்லை. குளிக்கக் கூப்பிட்டால் வந்து நின்றாள். தலைவாரினால் கழுத்தைக் கொடுத்தாள். தொட்டால் விலகவில்லை, ஒட்டவும் இல்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரோடு மரியாதையாக இருப்பதுபோல் இருந்தாள். ஜெயலக்ஷ்மி ஒரு நோட்டில் வங்காளி வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தாள். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, எங்கே வலிக்கிறது. கேட்டால் ரூமா தலையை மட்டும் ஆட்டினாள். ஹரீஷ் பந்து போட்டால் பிடித்துத் திருப்பிப் போட்டாள், அதற்குமேல் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் படுக்கை உதறிய ஹரீஷ், ரூமாவின் தலையணை உறைக்குள் எறும்பு மொய்ப்பதைக் கண்டுபிடித்தான். உள்ளே ஏழெட்டு பிஸ்கட், காய்ந்துபோன பூரித் துண்டு, நசுங்கிய சந்தேஷ் இனிப்பு. பசித்து வளர்ந்த குழந்தைகள் இப்படிப் பதுக்கும் என்று ஜெயலக்ஷ்மி எங்கோ படித்திருந்தாள். அன்றுமுதல் ரூமாவின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டு நிறையத் தின்பண்டம் வைத்தாள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சைகையில் சொன்னாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உறைக்குள் மறுபடியும் பிஸ்கட் இருந்தது.

கீழ்வீட்டில் கோமதி இருந்தாள். திருநெல்வேலிக்காரி; கணவர் கோவிந்தராஜன் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் வங்காளி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஜெயலக்ஷ்மி அவளைக் கூப்பிட்டு, திட்டாமல் பக்குவமாகக் கேட்டுச் சொல்லுமாறு வேண்டிக்கொண்டாள். கோமதி ரூமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் பேசினாள். ரூமா தரையைப் பார்த்தபடி நாலைந்து வார்த்தை சொன்னாள்.

"அவளுக்கு இல்லயாம். புல்டின்னு ஒரு பிள்ளைக்காம். எடுத்துட்டுப் போகணும்ங்கா" என்றாள் கோமதி.

புல்டி இல்லத்திலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை. ரூமாவுக்கு உறவில்லை. பக்கத்துத் தொட்டிலில் கிடந்தவளை ரூமாதான் ஊட்டி, மூக்குத் துடைத்து, தூங்கவைத்து வந்திருக்கிறாள். இல்லத்தில் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம்.

விஸ்வநாதன் தயங்கினார். உத்தரவு வரும்வரை குழந்தையை இல்லத்துக்குத் திரும்ப அழைத்துவர வேண்டாம், மனசு குழம்பும் என்று தலைவி சொல்லியிருந்தது அவருக்கு நினைவிருந்தது. இந்த நேரத்தில் அவர்களைப் பகைத்துக்கொள்வானேன் என்றார்.

"அவ நம்மளப் பாக்கவே இல்லீங்க. வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா" என்றாள் ஜெயலக்ஷ்மி. மறுநாள் புது பிஸ்கட் பொட்டலம் ஒன்றை ரூமாவின் கையில் கொடுத்து, கோமதியோடு டாக்ஸியில் ஏறினாள்.

இல்லத்தில் தொட்டில் காலியாக இருந்தது. நான்கு நாளுக்கு முன் புல்டியை ஒரு வங்காளிக் குடும்பம் தத்தெடுத்துப் போய்விட்டது. ஆயா குனிந்து ரூமாவின் கன்னத்தைத் தடவி, புல்டிக்கும் உன்னைப் போல அம்மா அப்பா கிடைத்துவிட்டார்கள் என்றாள். திரும்ப வருவாளா என்று ரூமா கேட்டாள். அம்மா கிடைத்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்றாள் ஆயா. நல்ல சேதியாகத்தான் சொன்னாள்.

ரூமா பொட்டலத்தைத் தொட்டிலுக்குள் வைத்தாள். டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழத் தொடங்கினாள். கோமதி சமாதானம் சொல்ல வாயெடுத்தபோது ஜெயலக்ஷ்மி வேண்டாமென்று கையமர்த்தினாள். இந்தக் குழந்தைக்கு எதையெல்லாம் கொடுக்கலாம் என்று ஒரு வருஷமாகப் பட்டியல் போட்டிருந்தாள். இவள் எதை விட்டுவிட்டு வருகிறாள் என்று ஒருநாள்கூட யாரையும் கேட்கவில்லை. வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு, அழுகிற குழந்தையின் முதுகில் கைவைத்தபடி வந்தாள்.

தலைவி புல்டியின் புது வீட்டு முகவரியைத் தர மறுத்துவிட்டார். அது நியாயம்தான். கடிதம் எழுதிக் கொடுத்தால் சேர்ப்பிக்கிறேன், பதில் போடுவது அவர்கள் இஷ்டம் என்றார். ஜெயலக்ஷ்மி சொல்லச் சொல்ல, கோமதி வங்காளியில் எழுதினாள். எங்கள் பெண் உங்கள் பெண்ணுக்கு ஊட்டித் தூங்கவைத்தவள், ஊருக்குப் போகுமுன் ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று. கீழே தன் வீட்டு போன் நம்பரையும் போட்டாள்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. கோர்ட் உத்தரவு வந்தது, பாஸ்போர்ட் வந்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது கோமதி வீட்டு போன் அடித்தது. பேசியவள் சுதபா, புல்டியின் அம்மா. இல்லத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாதென்று அவள் வீட்டில் கண்டிப்பு. ஆனால் குழந்தை தூங்க மாட்டேனென்கிறது, டாக்டரைப் பார்த்தும் பயனில்லை. தூங்கவைத்தவள் என்று கடிதத்தில் எழுதியிருந்ததால் கூப்பிட்டேன் என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுதபா ஊரின் மறுகோடியிலுள்ள சால்ட் லேக்கிலிருந்து டாக்குரியா ஏரிக்கரைக்கு வந்தாள். ஜெயலக்ஷ்மி குடும்பத்தோடும் கோமதியோடும் போனபோது தண்ணீரைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. புல்டி சிவப்பு ஸ்வெட்டரும் குல்லாயுமாக மடியில் இருந்தாள். ரூமா ஓடுவாள் என்று ஜெயலக்ஷ்மி நினைத்தாள். ரூமா மெல்ல நடந்துபோய் எதிரே நின்றாள்.

புல்டிக்கு அவளைத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சுதபாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். ஜெயலக்ஷ்மிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, இதைக் காட்டத்தானா கூட்டிவந்தோம் என்று. ரூமா அழவில்லை. குல்லாயை விலக்கிக் காதைப் பார்த்தாள். காதின் பின்னால் எப்போதும் ஒரு புண் இருக்கும், ஆறிவிட்டது என்று கோமதியிடம் சொன்னாள். பிறகு சுதபாவிடம் ஏதோ கேட்டாள்.

"முதுகில தட்டித் தூங்கவைக்கியளான்னு கேக்கா. தட்டினா அவளுக்குப் பிடிக்காதாம்" என்றாள் கோமதி.

ரூமா புல்டியின் காலுறையைக் கழற்றினாள். சுதபாவின் கையை எடுத்து, கட்டைவிரலைக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்து, இப்படி, மெதுவாக, என்று தேய்த்துக் காட்டினாள். சுதபா தேய்த்தாள். ஹரீஷ் குனிந்து பார்த்தான். சிறிதுநேரத்தில் புல்டியின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. சுதபா கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. இடதுகையால் ரூமாவைப் பக்கத்தில் இழுத்து உச்சியில் முத்தமிட்டாள்.

அவர்கள் புறப்பட்டபோது சுதபா தன் முகவரியை ஒரு சீட்டில் எழுதி ஜெயலக்ஷ்மியிடம் கொடுத்தாள். வீட்டில் பேசிக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்ததும் ரூமா நின்றுவிட்டாள். கால் வலிக்கிறதா என்று ஜெயலக்ஷ்மி நோட்டு வங்காளியில் கேட்டாள். ரூமா இரண்டு கையையும் மேலே தூக்கினாள். ஐந்து வயதுக் குழந்தை, கனம்தான். விஸ்வநாதன் இரண்டு தடவை வாங்கிக்கொள்ள வந்தார். ஜெயலக்ஷ்மி தரவில்லை. இடுப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ரயில்வே மேம்பாலம் தாண்டி, கடைத்தெருவின் நெரிசலில் நடந்தாள். வீட்டுப் படி ஏறும்போது ரூமா வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். ஜெயலக்ஷ்மியின் தோளில் புடவை எச்சிலில் நனைந்திருந்தது.