வேலிக்கு வெளியே

2012 ஒக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை காலை, உச்சமுனையிலிருந்து கற்பிட்டிக்குப் போன மீன்பிடிப் படகொன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. படகு கற்பிட்டித் துறையைத் தொடுவதற்கு முன் அது இறந்தது.

படகில் மூன்று பேர் இருந்தார்கள். மாதம் நிறையுமுன் வலி கண்ட மெற்றில்டா. எஞ்சினைப் பிடித்திருந்த அவள் கணவன் சாள்ஸ். தீவுக்குக் கருவாடு வாங்க வந்து, ஊருக்குத் திரும்ப அதே படகில் ஏறிய சித்தி லெய்லா என்ற முஸ்லிம் பெண்; அக்கா என்ற பொருளில் தீவில் அவளை லாத்தா என்பார்கள். குழந்தையைக் கையில் ஏந்தியது லெய்லாதான். அது ஒருமுறை முனகியது. பிறகு உதடு நீலம் பாரித்தது.

"தண்ணி ஊத்துங்க," என்றாள் மெற்றில்டா. "ஞானஸ்நானம் குடுங்க. கெதியா."

சாள்ஸ் எஞ்சினை விட்டு எழும்பவில்லை. "லாத்தா, நீங்க ஊத்துங்க. 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே' எண்டு சொல்லுங்க. சாகப்போற பிள்ளைக்கு ஆரும் குடுக்கலாம்."

"நீங்கதானே வாப்பா? நீங்க ஊத்துங்க."

"எனக்கு ஏலா லாத்தா."

ஏன் என்று கேட்க நேரமிருக்கவில்லை. கடல் தண்ணீர் குழந்தையின் கண்ணில் படும் என்று நினைத்து, லெய்லா தன் குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூன்று தரம் தலையில் ஊற்றினாள். அவள் உதடு அசைந்ததை மெற்றில்டா பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

உச்சமுனையில் செத்தவர்களைப் புதைக்கும் சேமக்காலையைச் சுற்றி முட்கம்பி வேலி உண்டு. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளை முன்னர் வேலிக்கு வெளியே தாழம் புதரோரம் புதைத்தார்கள். மெற்றில்டாவுக்கு முன் பிறந்து, பெயர் வைக்குமுன் போன அண்ணன் அங்கேதான் கிடக்கிறான். நவம்பரில் ஆத்துமாக்களின் திருநாளன்று சுவாமியார் உள்ளே கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துப் போவார். மெற்றில்டாவின் அம்மா கம்பிக்கு வெளியே குந்தியிருந்து ஒரு மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டிருப்பா. அந்தப் பிள்ளைகள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் ஒரு நடு இடத்தில் இருப்பார்கள், தாயைக் காணமாட்டார்கள் என்று செபமாலைக்குப் போகும் பெண்கள் சொல்வார்கள்.

மறுநாள் மெற்றில்டா ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக்கொண்டு, குழந்தையின் உடலோடு தீவுக்குத் திரும்பினாள். கற்பிட்டியிலிருந்து பாதரும் வந்தார். லெய்லாவை மெற்றில்டாதான் கூப்பிட்டிருந்தாள்.

வீட்டுக்குள் கதிரையில் உட்கார்ந்ததும் பாதர் கேட்டார்: "ஞானஸ்நானம் குடுத்தது ஆர்?"

"இந்த லாத்தா," என்றான் சாள்ஸ்.

"நீர் பக்கத்தில இருந்தீரே. ஏன் நீர் குடுக்கல்ல?"

சாள்ஸ் தரையைப் பார்த்தான். "தகப்பன் ஊத்தினா ஞானத் தகப்பனும் ஆகிருவான். பிறகு பெஞ்சாதியோட வாழ ஏலா, அது பாவம் எண்டு உபதேசியார் சொல்லியிருக்கார்."

"எந்த உபதேசியார்?"

"செத்துப்போன மனுவேல் உபதேசியார்."

"அந்த மனுசன் குடிக்காத நாளில சொன்னதா?" என்றாள் பாயில் கிடந்த மெற்றில்டா.

லெய்லா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டாள். பாதருக்கும் சிரிப்பு வந்து நின்றது. "வேற ஆள் இல்லாட்டி தகப்பன் குடுக்கலாம். வாழவும் செய்யலாம். ஆரோ எதையோ கேட்டு எதையோ சொல்லிட்டாங்க," என்றார். பிறகு லெய்லாவிடம் திரும்பினார். "அம்மா, நீங்க குடுத்தாலும் செல்லும். சொன்ன வார்த்தை மட்டும் எனக்குத் தெரியவேணும்."

மெற்றில்டா எழுந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க லாத்தா. சொன்னீங்கதானே?"

லெய்லாவுக்குத் தெரியும்: ஓம் என்றால் முடிந்துவிடும். இரவு முழுக்க அவள் இதைத்தான் யோசித்திருந்தாள். புருசன் ஜபாரிடம் கேட்டபோது, "பொய் சொன்னாலும் குத்தம், உண்மை சொன்னாலும் குத்தம், நீ ஏன் அந்தப் படகில ஏறினாய்?" என்று அவர் ஏசினார்.

"பிஸ்மில்லாஹ் எண்டு சொல்லித்தான் ஊத்தினன்," என்றாள். "அல்லாஹ்வுக்குப் பிள்ளை இல்லை எண்டு ஓதுற வாய் தங்கச்சி. சுதன் எண்டு சொல்ல வாய் வரல்ல. எங்கட மார்க்கத்தில சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுவர்க்கம்தான். இப்ராஹிம் நபி பார்த்துக்கொள்வாங்க. உங்கட பிள்ளைக்கு அது சேருமா எண்டு எனக்குத் தெரியா."

மெற்றில்டா பாதரைப் பார்த்தாள்.

"அது ஞானஸ்நானம் இல்லை," என்றார் பாதர். குரலைத் தாழ்த்தினார். "ஆனா பயப்படாதேம்மா. நடு இடம் எண்டு திருச்சபை ஒருநாளும் விசுவாசப் பிரமாணத்தில வைக்கல்ல. இப்பிடியான பிள்ளைகளை ஆண்டவரின் இரக்கத்தில ஒப்படைக்கிறோம். அவர் மீட்பார் எண்டு நம்ப இடமிருக்கு. பிள்ளையை உள்ளுக்கே வைப்போம்."

"நம்ப இடமிருக்கா, மோட்சமா?"

"நம்ப இடமிருக்கு."

"அப்ப ஏன் பாதர் தண்ணி ஊத்தச் சொல்லிப் படிப்பிச்சீங்க?"

"ஞானஸ்நானம் வேணும். அது ஆண்டவர் எங்களுக்குச் சொன்ன வழி. ஆனா அந்த வழிக்குள்ள அவரை நாங்க கட்டிப்போட ஏலாது."

மெற்றில்டா அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "வேணும். இல்லாட்டியும் பரவாயில்ல." பிறகு கேட்டாள்: "என்ட அண்ணனுக்கும் இதேதானா?"

"ஓம். அவனுக்கும் இதேதான்."

"அம்மா சாகும்வரைக்கும் ஒருத்தரும் அதைச் சொல்லல்லையே."

பிறகு அவள் பாதரிடமே கேட்டாள்.

"உள்ளுக்கு வச்சாலும் வெளிய வச்சாலும் ஆண்டவருக்கு ஒண்டா?"

"அவருக்கு ஒண்டுதான்."

"அப்ப வெளிய வையுங்க. அண்ணனுக்குப் பக்கத்தில."

"விசரா உனக்கு?" சாள்ஸ் எழும்பிவிட்டான். "உள்ளுக்கு இடம் தாறார். ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொன்னதைக் கேட்டுத்தானே நீங்க கையைக் கட்டிட்டு இருந்தீங்க."

சாள்ஸ் பாதரைப் பார்த்தான். பாதர் லெய்லாவைப் பார்த்தார், அவளிடம் ஏதோ விடை இருப்பதுபோல. லெய்லா தலையை ஆட்டினாள், தெரியாது என்றா, ஓம் என்றா, அவளுக்கே விளங்கவில்லை.

பின்னேரம் தாழம் புதரோரம் குழி வெட்டினார்கள். பாதர் வேலிப் படலையைத் தாண்டி வெளியே வந்து செபித்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு என்று புத்தகத்தில் இருந்த செபத்தையே வாசித்தார். தீர்த்தம் இரண்டு குழிமேட்டிலும் தெளிக்கப்பட்டது. பிள்ளைக்கு அக்னெஸ் என்று பெயர் சொன்னார்கள். அண்ணனுக்குப் பெயர் இல்லை.

லெய்லா பாதரோடு அதே படகில் கற்பிட்டிக்குத் திரும்பினாள்.