ஓரத்தில் நிற்க ஆள் இல்லை

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் ஊர்க்காவலனின் மகன் காளீஸ்வரனுக்கு இரண்டு வேலை தெரியும்: சரக்கில் குறை கண்டுபிடிப்பது, போட்டோ எடுப்பது. முதலாவது ரத்தத்தில் வந்தது. இரண்டாவதற்காகச் சேமிப்பையெல்லாம் வழித்துக் கொடுத்து ஒரு பழைய ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினான். அதோடு காசு தீர்ந்துபோனதால் அகலமாக எடுக்க வராத ஒற்றை ஐம்பது எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஊரை ஏமாற்றி வந்தான். முகத்தை மட்டும் எடுப்பது தன் பாணி என்பான். கல்யாண வீட்டில் பந்தியை எடுக்கச் சொன்னால் ஓர் இலையை எடுத்து வருவான். அப்பா ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "ரொம்ப அருமையா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்தப் பாணி சிவகாசியில் முட்டிக்கொண்டது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் மணிமுத்து அண்ணாச்சி புதிதாக நாலு கலர் மெஷின் இறக்கியிருந்தார். அடுத்த வருஷக் காலண்டரில் சாமி படத்துக்குப் பதில் அந்த மெஷினும், அதை மறைக்காமல் முப்பத்தெட்டு வேலையாட்களும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. காளீஸ்வரன் கேமராவோடு பின்வாங்கிப் பின்வாங்கி, பேப்பர் கட்டில் முதுகு இடித்த இடத்திலிருந்து பார்த்தான். பதினோரு பேரும் பாதி மெஷினும்தான் தெரிந்தன.

"ஒராள் விட்டுப்போனாலும் வருஷம் பூராம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிவாக தம்பி," என்றார் அண்ணாச்சி. "ஆகலன்னா இப்பவே சொல்லிருங்க, பழையபடி முருகனையே போட்டுருவேன். வள்ளி தெய்வானையச் சேத்தாலும் மூணு பேருதான்."

இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் தை மாதம் மண்டியில் வந்து உட்கார்வதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. இருந்தது ஐந்து நாள்.

எம்எம் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். நல்ல ஜூம் லென்ஸ் ஒரு மோட்டார் பைக் விலை. பதினாலு எம்எம் சீன லென்ஸ் மலிவுதான், ஆனால் மெஷினை வாழைப்பழமாக வளைத்துவிடும். இருபது எம்எம், தங்கம் விற்கிற விலை. முப்பத்தைந்தில் அண்ணாச்சியின் ஆட்களில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். கூட்டிக் கழித்தால் இருபத்து நாலு எம்எம்தான் வந்தது. அதையும் கண்ணை மூடி வாங்க மனம் வராமல், யூடியூபில் வெள்ளைக்காரர்கள் லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படம்பிடித்து மூலையில் இரண்டு கல் மங்கலாகத் தெரிவதற்குக் கண்ணீர் விடுவதை இரண்டு நாள் பார்த்தான். அந்தக் குறைகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடமாகின.

விருதுநகரிலேயே அப்படி ஒரு இருபத்து நாலு லென்ஸ் இருந்தது. ஸ்டுடியோ வைத்திருந்த பெத்தணன் கல்யாண வேலையை விட்டுவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவோடு நிறுத்திக்கொண்டார். இருபதாயிரம் சொன்னார். பஞ்சுக்குள் வைத்த முட்டை மாதிரி இருந்தது லென்ஸ், ஒரு கீறல் கிடையாது.

மண்டியில் ஒரு முறை உண்டு. வாங்காத சரக்கை வாய் நிறையப் பாராட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். வாங்கப்போகிற சரக்கைத்தான் குறை சொல்வார்கள். அதையும் விற்பவன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நிற்கிற மூன்றாம் ஆளிடம் சொல்லி விற்பவன் காதில் விழ வைப்பார்கள். ஸ்டுடியோவில் மூன்றாம் ஆளாக, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். காளீஸ்வரன் அவள் பக்கம் திரும்பினான். மூலையெல்லாம் இருட்டடிக்கும் என்றான். ஓரம் மங்கும் என்றான். அவள் பாவம், மரியாதைக்குத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் தந்த தெம்பில் உச்சத்துக்குப் போனான்.

"கோடியில நிக்கிற ஆளு மூஞ்சியப் பாக்கணுமே தாயி, பூசணிக்கா மாதிரி இளுத்துரும். பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

லென்ஸ் பதின்மூன்றாயிரத்துக்கு முடிந்தது. ஏழாயிரத்தை வாயாலேயே சம்பாதித்தவன் பஸ் ஸ்டாண்டு வரை தரையில் கால் படாமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் கட்டில் முதுகைச் சாய்த்துக் கண்ணை வைத்தால் முழு மெஷினும், இரண்டு பக்கமும் தாராளமான இடமும் தெரிந்தன. எல்லோரும் அகன்று நிற்க வேண்டும் என்றான். யாரும் அகலவில்லை. முப்பத்தெட்டு பேரும் நடுவில் திருவிழாக் கூட்டமாக நெருக்கியடித்து, மெஷினை முழுசாக மறைத்து நின்றார்கள். ஒருவரை ஓரத்துக்கு அனுப்பினால் அவர் ஷட்டர் விழுவதற்குள் நடுவுக்கு நழுவினார். இப்படியே நிற்பதென்றால் பழைய ஐம்பதே போதுமாக இருந்திருக்கும்.

"ஏன் இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கீக?" என்று அண்ணாச்சி அதட்டினார்.

கூட்டத்துக்குள்ளிருந்து, விருதுநகரிலிருந்து வந்து கணக்குப் பார்க்கும் முத்துச்செல்வி தலையை நீட்டினாள். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த அதே பெண். இன்றைக்குப் பவுடர் இல்லாததால் காளீஸ்வரனுக்கு அதுவரை அடையாளம் தெரியவில்லை.

"கோடியில நின்னா மூஞ்சி பூசணிக்காயாப் போயிருமாம் அண்ணாச்சி. இந்த அண்ணந்தான் சொன்னாக. அவுக லென்ஸப் பத்தி அவுகளுக்குத் தெரியாதா?"

அது விலையைக் குறைக்கச் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் பொய்யன், சொல்லாவிட்டால் மட்ட லென்ஸ்காரன். அண்ணாச்சி சுவரில் தொங்கிய பழைய முருகனை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையில் காளீஸ்வரனுக்கு மண்டியின் மிளகாய் நெடி வந்து மூக்கில் ஏறியது.

"இடது கோடிய மெசினுக்கு விட்டுருவோம், அதுக்கு மூஞ்சி கெடையாது," என்றான். "வலது கோடியில நான் நிக்கேன். எனக்கு அடுத்தாப்ல நிக்கவாச்சும் ஆளு வருமா?"

அவன் அங்கே நிற்பதானால் தானும் பக்கத்தில் நிற்பதாக முத்துச்செல்வி வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய்க் கோடியில் நின்றான். மெஷின் பளிச்சென்று வந்தது. முப்பத்தெட்டு முகமும் எண்ணி எடுக்கலாம் போல் வந்தன. முப்பத்தொன்பதாவது முகம் பூசணிக்காயாக வந்தது. யூடியூப்காரர்கள் பொய் சொல்லவில்லை.

காலண்டர் பதினைந்தாயிரம் பிரதி அச்சானது. பட்டாசுக் கடைகளிலும் டீக்கடைகளிலும் அவன் அகன்ற கன்னத்தோடு தொங்கினான். அண்ணாச்சி லேபிள் படங்களுக்கும் வரச் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் மண்டிக்கு ஒரு காலண்டர் கொண்டுபோனான். அப்பா அதை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை 'அருமை' வரவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்ற எடை போடும் மொக்கைச்சாமியிடம் திரும்பினார்.

"நடுவுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. கோடியில மட்டும் சரக்கு ரொம்ப உப்பிக் கெடக்கே மொக்கச்சாமி."

காளீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா கல்லாவுக்கு மேலே ஆணி தேடிக்கொண்டிருந்தார்.