மூன்றாம் நாள்: சும்மா இருத்தல்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகப் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை. செவ்வாய், வியாழன் மாலைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில், முழங்காலை இடிக்கும் சின்ன பெஞ்சுகளில் உட்கார்ந்து, நாங்கள் ஒன்பது பேர் எழுதக் கற்றுக்கொள்கிறோம். 'நீங்கள் திட்டம் போட்ட ஒரு பயணம், மூன்று பக்கம்' என்றார் ஆசிரியர். மற்ற எட்டுப் பேரும் அடுத்த வாரமே கொடுத்துவிட்டார்கள். நான் பதினோரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பயணம் இமயமலையில் இருக்கும் ஒரு மலை ஊருக்கு. போனவர்கள் என் அண்ணனும் அண்ணியும். திட்டத்தைத் திருத்தி நகலெடுத்துக் கொடுத்தவள் நான். திரும்பி வந்தது அண்ணி மட்டும்.

(இந்த நான்கு வாக்கியங்களையும் கடைசியில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். வாசகரைக் கொஞ்சம் காக்க வைக்கலாமே என்று. பிறகு, இன்னொருவரைக் காக்க வைக்க நான் யார் என்று தோன்றிவிட்டது.)

இனி 'நான்' வேண்டாம். 'தங்கை' என்று எழுதப் போகிறேன். 'நான்' என்று எழுதும்போதெல்லாம் பேனா எனக்குச் சாதகமாகச் சாய்கிறது. தங்கை என்றால் யாரோ ஒருத்தி. அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம்.

2

தொடக்கம் ஒன்று: *மலை என்றால் தங்கைக்குக் காலண்டரில் வரும் படம்தான்.* அடித்துவிட்டேன். உண்மைதான், ஆனால் அழகாக இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: *அன்றைக்கு வானம்* — வானத்தை யாரும் பார்க்கவில்லை. டியூப்லைட்தான் இருந்தது.

தொடக்கம் மூன்று:

தங்கை ஒரு பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறாள். எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று வாராவாரம் பட்டியல் போடும் வேலை. ஒரு நடை முடித்த ஓட்டுநர் அடுத்த நடைக்காக நாற்பது நிமிடம் சும்மா நின்றால், அந்த நாற்பது நிமிடம் பட்டியலில் சிவப்புக் கட்டமாக நிற்கும். மேலதிகாரிகளுக்குச் சிவப்பு ஆகாது. கட்டங்களை இங்கே நகர்த்தி, அங்கே ஒட்டி, சிவப்பே இல்லாமல் செய்வதில் தங்கை கெட்டிக்காரி. ஓட்டுநர்கள் அவளுக்கு 'அட்டவணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'அட்டவணை வருது, டீயைச் சீக்கிரம் குடிங்கப்பா' என்பார்கள்.

அண்ணன் அதே பணிமனையில் ஓட்டுநர்.

"ஊர்ல எல்லாருக்கும் தலையெழுத்தைப் பிறக்கும்போதே எழுதியாச்சு. எனக்கு மட்டும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என் தங்கச்சி எழுதி போர்டுல ஒட்டுறா" என்பான்.

(அடிக்குறிப்பு: இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். பின்னால் நடந்ததற்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது, வாசகர் நம்பமாட்டார். ஆனால் அவன் சொன்னான். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் சொன்னான்.)

3

திட்டம் போட்டது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். மேஜையின் ஒரு பாதி அண்ணியுடையது: தையல் இயந்திரம், நூல் துணுக்குகள், சுண்ணக்கட்டி. அண்ணி ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள். அன்றைக்கு அவள் மடியில் ஒரு பழைய கம்பளிக் கோட்டு கிடந்தது. யாரோ போட்டுக் கழித்தது. அண்ணனுக்காக அதன் கைகளை இரண்டு அங்குலம் குறைத்து, பொத்தான்களையெல்லாம் பிய்த்தெடுத்து, இரட்டை நூலில் மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொட்டுக் காத்து உள்ள போகாது பாருங்க" என்றாள்.

அண்ணன் பென்சிலால் நோட்டில் எட்டு நாட்களை எழுதியிருந்தான். முதல் நாள் விமானம், பிறகு இரவு ரயில். இரண்டாம் நாள் ஜீப்பில் ஏறி மலை ஊர். நான்காம் நாள் அதற்கும் மேலே ஒரு ஏரி, அங்கேயே கூடாரத்தில் தங்கல். மூன்றாம் நாளுக்கு எதிரே இரண்டே சொற்கள்: *சும்மா இருத்தல்.*

"இது என்னண்ணா?"

"படிக்கத் தெரியாதா? சும்மா இருத்தல். போய் இறங்கின மறுநாள் எங்கயும் அலையக் கூடாதுன்னு விடுதிக்காரர் போன்ல சொன்னார். அந்த உசரத்துக்கு உடம்பு பழகணுமாம்."

"சும்மா இருக்க அவ்வளவு தூரம் போகணுமா? சோபா இங்கயே இருக்கே."

"இங்க நீ விடமாட்டியே, அட்டவணை! உன் கண்ணுல படாம ஒரு நாள் சும்மா இருக்கணும்னா இமயமலைக்குத்தான் ஓடணும்."

அண்ணி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "இவரு அங்க போயும் சும்மா இருந்த மாதிரிதான். மலைமேல ரெண்டு நிமிஷம் நிக்கட்டும், யாராவது வந்து 'இது எங்க போற பஸ்ஸு'ன்னு கேட்பாங்க."

மூவரும் சிரித்தார்கள். (இந்தச் சிரிப்போடு கதையை நிறுத்திவிட எனக்கு உரிமை உண்டா? வகுப்பில் கேட்டேன். 'நிறுத்தலாம், ஆனால் அது கதை இல்லை, புகைப்படம்' என்றார் ஆசிரியர்.)

4

அண்ணனுக்குக் கிடைத்த விடுப்பு ஏழு நாள். திட்டம் எட்டு நாள்.

இந்த இடத்தில் என் முதல் வரைவில் ஒரு பயண முகவர் வந்தார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். அவர்தான் திட்டத்தை வாங்கிப் பார்த்து, மூன்றாம் நாளை அடித்து, ஏழாகச் சுருக்கினார். அண்ணன் நம்பினான். அந்த வரைவை வகுப்பில் வாசித்தேன். வாசிக்கும்போது என் குரல் நன்றாகவே இருந்தது.

எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஓர் அக்கா உட்காருவார். பல் மருத்துவமனைகளுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்.

"ஏம்மா, உன் கதைல அண்ணன் பேசறாரு, அண்ணி பேசறாங்க, டீ குடிக்கறவங்ககூடப் பேசறாங்க. இந்த முகவருக்கு மட்டும் வாயே இல்லையே?"

"அவர் சின்னப் பாத்திரம்க்கா."

"சின்னப் பாத்திரத்துக்கு எதுக்கு நாலு பேனா? பழி சுமக்கறதுக்குன்னே கூலிக்குப் பிடிச்சிட்டு வந்த ஆள் மாதிரி நிக்கறாரு. நான் முப்பது வருஷமா பல்லு செய்றேன். பொய்ப்பல்லு எவ்வளவு நல்லா செஞ்சாலும் பக்கத்துப் பல்லு காட்டிக் கொடுத்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீடு வந்து முகவரை எடுத்துவிட்டேன். அவர் போனதும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பொருந்தும் ஆள் ஒருத்திதான்.

5

தங்கை ஒரு நாள் கூடுதல் விடுப்பு கேட்க மேலாளர் அறைவரை போனாள். விண்ணப்பம் கையில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேலாளர் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டியிருந்தால் நிமிர்ந்திருப்பார்.

அதற்கு முந்தின மாதம் அண்ணனுக்குத் தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஓய்வு விழுந்தது. தற்செயலாக விழுந்ததுதான். தண்ணீர்க் குழாயடியில் ஒரு ஓட்டுநர், அவள் காதில் விழும்படியே, "கூடப் பிறந்தா இங்க பிறக்கணும்ப்பா" என்றார். அந்த ஒரு வாக்கியம் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டவில்லை. *அவளுக்கு வேறு வழி* — இல்லை. வேறு வழி இருந்தது. மரக்கதவுகூட இல்லை, கண்ணாடி.

தன் மேஜைக்குத் திரும்பி வந்தாள். நகலெடுக்க வாங்கி வைத்திருந்த அண்ணனின் நோட்டைத் திறந்தாள். ஸ்கேலை வைத்து, பேனாவால், மூன்றாம் நாளின் மேல் ஒரு கோடு போட்டாள். நான்கை மூன்றாக்கினாள், ஐந்தை நான்காக்கினாள். ஏழு நாள், எங்கும் இடைவெளி இல்லை, சிவப்பு இல்லை. பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகை அவள் இரண்டு நிமிடம் ரசித்ததையும் எழுதத்தான் வேண்டும்.

மாலையில் அண்ணன் பார்த்தான்.

"ஏய், என் சும்மா இருத்தல் எங்கடி?"

"விடுதிக்காரர்கிட்ட கேட்டுட்டேண்ணா. அதெல்லாம் வயசானவங்களுக்குத்தானாம். நீ போலாமாம்."

கேட்கவில்லை. அந்த எண்ணை நான் அழுத்தவே இல்லை.

(தங்கை என்று எழுத வேண்டிய இடம். 'நான்' வந்து விழுந்துவிட்டது. இருக்கட்டும்.)

"நீ கேட்டிருந்தா சரி" என்றான் அண்ணன். நோட்டை மூடிவிட்டான்.

6

மலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்ததில்லை. அண்ணி சொன்னதை மட்டும், அவள் சொன்ன வார்த்தைகளிலேயே வைக்கிறேன். திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. கூட்டாமல் குறைக்காமல் இதையேதான் சொல்கிறாள்.

"மூணாம் நாள் காலையிலயே தலை வலிக்குதுன்னார்டி. நான்தான், குளிருக்கு அப்படித்தான் இருக்கும், டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்கன்னேன். ஜீப்பு வந்து நிக்குது, இவரு குழந்தை மாதிரி முனகறாரேன்னு எனக்கு எரிச்சல். நான்தான் கிளப்பினேன். மறுநாள் காலையில ஏரிக்கரையில நடந்து வர்றார், தள்ளாடித் தள்ளாடி. குடிகாரன் மாதிரி நடிச்சுக் காட்டுவாரே, நீ பார்த்திருக்கியே, கல்யாண வீட்டுலகூட... அதே மாதிரி. நான் சிரிச்சேன்டி. கைகொட்டிச் சிரிச்சேன்."

பிறகு கோட்டுக்கு வருவாள்.

"கீழ இறக்கிக் கொண்டுவர்றப்ப ஜீப்புல மூச்சுக்குத் திணறுறார். கோட்டைத் தளர்த்துங்கன்னு டிரைவர் கத்தறான். கழுத்துப் பொத்தான் வரமாட்டேங்குது. நான் தைச்ச பொத்தான். இரட்டை நூல். கத்தரிக்கோல் இல்லாம வீட்டை விட்டு நான் கிளம்பினதே இல்ல, அன்னைக்குத்தான்..."

அந்த வாக்கியத்தை அண்ணி முடித்ததில்லை. நானும் முடிக்கவில்லை.

இப்போது கடையில் பொத்தான் தைக்கக் கொடுத்தால் ஒற்றை நூலில்தான் தைக்கிறாள். இரண்டு பேர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். 'நான்தான் கிளப்பினேன்' என்று அவள் சொல்லும்போதெல்லாம் 'இல்லண்ணி' என்கிறேன். ஏன் இல்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நான்கு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

7

முடிவு அ: தங்கை சொல்கிறாள். அண்ணி அவளை அறைந்து, வாசல் கதவைக் காட்டுகிறாள். (இதில் தங்கைக்கு நிம்மதி கிடைத்துவிடுகிறது. எழுதியவளின் சுயநலம் தெரிகிறது.)

முடிவு ஆ: தங்கை சொல்கிறாள். அண்ணி அவளை அணைத்துக்கொண்டு, *நீ என்ன வேணும்னா செஞ்ச* — அடித்துவிட்டேன். அண்ணி வாயில் வார்த்தை வைக்க நான் யார்? முகவருக்கு வாய் இல்லாமல் செய்தேன், அண்ணிக்கு என் வாயை ஒட்டப் பார்த்தேன்.

முடிவு இ: தங்கை கண்ணாடிக் கதவைத் தட்டுகிறாள். மேலாளர் நிமிராமலே, "எட்டு நாளா? சரி, எழுதிக்கோம்மா" என்கிறார்.

முடிவு இ-யைத்தான் அதிக தடவை எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணனின் காரியங்கள் முடிந்து வேலைக்குப் போன அன்று மேலாளர் என்னை அழைத்தார். "அதுக்குள்ள ஏம்மா வந்த? இன்னும் பத்து நாள் எழுதிக்கோ" என்றார். நிமிரவில்லை, கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் சொன்னார். பத்து நாள். நான் கேட்கவே இல்லை.

முடிவு ஈ: தங்கை கடைசிவரை சொல்லவில்லை. அண்ணி ஒற்றை நூலிலேயே தைத்துக்கொண்டிருக்கிறாள். (இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. தினமும் நடக்கிறது.)

8

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நான் போட்ட கோட்டைப் போன வாரம் அழிக்கப் பார்த்தேன். அண்ணன் எழுதியது பென்சில், நான் அடித்தது பேனா. ரப்பரால் தேய்க்கத் தேய்க்க அவன் எழுத்துத்தான் மங்கியது. 'சும்மா'வில் பாதி போய்விட்டது. கோடு அப்படியே இருக்கிறது. பயந்து நிறுத்திவிட்டேன்.

இன்று ஞாயிறு மதியம். அதே சாப்பாட்டு மேஜை. எனக்கு முன்னால் இந்தக் கதையின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் முகவர் இருக்கிறார், நான்கு பேனாக்களோடு. இன்னொன்றில் அவர் இல்லை. சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அண்ணி கேட்டாள்:

"என்னடி, மூணு பக்கத்தை மூணு மாசமா எழுதற? முடிச்சிட்டியா?"

"முடிவு மட்டும் இல்லண்ணி."

"முடிவு கெடக்கட்டும். அதான் தெரியுமே. அவர் பேசினதெல்லாம் இருக்கா அதுல?"

"இருக்கு."

"அது போதும். குடு."

ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வருகிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். இரண்டு பிரதியும் என் கையில் ஒரே கனம்தான். உங்கள் கையில் இருப்பது எது என்று உங்களுக்குத் தெரியும். அவள் கைக்குப் போவது எது என்பதை, நான்கு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சொல்வீர்களோ, அப்படி நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

(இதற்குக் கீழே ஒரு நாள் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். சிவப்பாகத்தான் தெரியும். இந்தத் தடவை அதை நான் மூடப்போவதில்லை.)