மூன்றாம் தரத்திற்கு முன்

கணக்குக் காட்டாதவன் பெயர் குடவோலையில் ஏறாது என்று கோயிற்சுவரிலேயே வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அவ்வூர்ப் பெண்கள் இருபதின்மர் மாதம் ஐம்பது ரூபாய் வீதம் போட்டு நடத்திய சீட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்து வெள்ளி ஒன்றில் ஜெகதாம்பாள் வீட்டு முற்றத்தில் கூடியது. சேரும் ஆயிரத்தில் எவள் அதிகம் தள்ளுபடி விட்டுக்கொடுக்கிறாளோ அவளுக்கே அம்மாதப் பணம். ஆனால், வீட்டில் திருமணம் என்று ஒருத்தி மஞ்சள் குங்குமத் தட்டோடு வந்துவிட்டால் அவளை எதிர்த்து எவரும் கேளார். ஐம்பது ரூபாய்த் தள்ளுபடியோடு பணம் அவளுக்கே போய்விடும்.

அன்று அம்முலு தட்டோடு வந்தாள். உடன் மகள் ஞானசுந்தரி. மகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிதியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் விடுதிக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய் கட்டாவிடில் அந்த இடம் அடுத்தவருக்கு. கல்வியும் மங்கல காரியந்தானே என்றெண்ணித் தட்டில் மஞ்சள் வைத்தவள் அம்முலு. கண்டவர்களோ வேறாக எண்ணினர்.

"எரும வாங்கலாம்னு வந்தேன். போவட்டும், கல்யாணத்துக்குக் குறுக்க நிக்கமாட்டேன்," என்று சொக்கம்மாள் பெருமூச்சு விட்டாள். "மாப்ள எந்த ஊரு?"

அம்முலு தட்டிலிருந்த மஞ்சளைச் சரிசெய்தாள். தலை நிமிரவில்லை.

"அம்முலு, அம்பது தள்ளு. ஒரு தரம்," என்றாள் சீட்டு நடத்தும் ஜெகதாம்பாள். "ரெண்டு தரம்..."

இன்னும் ஒரு சொல் போதும், இடம் உறுதி. ஞானசுந்தரி மாடவிளக்கைப் பார்த்தாள். தாயின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

"நிறுத்துங்க அத்தே. எனக்குக் கல்யாணம் இல்ல. திங்கக்கெயமக்குள்ள காலேஜுக்குப் பணம் கட்டணும்."

முற்றம் சலசலத்தது. அம்முலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப தட்டு இன்னாத்துக்கு? எங்கள ஏமாத்தவா?" என்று சீறினாள் சொக்கம்மாள். "நூறு தள்ளு!"

"நூத்தம்பது," என்றாள் அம்முலு.

"எரநூறு!"

அம்முலு அடங்கினாள். அதற்குமேல் தள்ளினால் எண்ணூறு தேறாது.

"ஏற்கெனவே பி.காம். படிச்சிட்டே. இன்னும் இன்னாடி கீது படிக்க? பணம் எண்றதுக்கா?" என்று ஞானசுந்தரி பக்கம் திரும்பினாள் சொக்கம்மாள்.

"எண்றதுக்கு இல்ல பெரிம்மா. பணத்த எங்க போட்டா வெளயும், யாருக்குக் கடன் குடுத்தா திரும்பும்னு பாக்கறதுக்கு. பாங்கு, இன்ஷூரன்ஸு, பெரிய கம்பெனி எல்லாத்துலயும் அதுக்கு வேல கீது."

"அப்ப நாளைக்கு பாங்குல குந்திக்கினு எனக்கு எருமைக்கு லோன் குடுப்பே?"

"உடனே குடுக்க மாட்டேன். எத்தன லிட்டர் கறக்குது, தீவனச் செலவு எவ்ளோன்னு கேப்பேன். கட்டுப்படியானாத்தான்."

சொக்கம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"காரியம் ஆவணும்னு கீறவ, ஒரு பேச்சுக்கூட 'குடுக்கறேன்'னு சொல்லமாட்டேன்றா பாரு! இவகிட்ட பணத்தக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கலாம்டி."

ஜெகதாம்பாள் தயங்கினாள். "எரநூறு சொன்னியே, சொக்கு?"

"எரும ஒரு மாசம் கயிச்சி வந்தா செத்தா போவும்? காலேஜு திங்கக்கெயம சாத்திடுவான். பயைய அம்பதுக்கே கூவு. படிப்புக்கும் இனிமே எதிர்த்துக் கேக்கறதில்ல. இன்னாங்கடி?"

மறுத்தவர் எவருமில்லை.

"மூணு தரம்!"

சொக்கம்மாள் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து, ஞானசுந்தரியின் நெற்றியில் அழுந்த வைத்தாள். "கல்யாணத்துக்கும் ஒரு தட்டு பாக்கி கீது, மறந்துடாத."